கச்சேரித் தட்டுகள் – 9: பானைக்கும் ஒரு பங்கு

சென்ற பகுதியை ஹங்கேரியில் நிறுத்தினோம். புடாபெஸ்டின் ஒமேகா குழுவை விட்டு 1971-இல் காபோர் பிரெஸ்ஸரும் டிரம்ஸ் கலைஞர் யோஜெஃப் லௌக்ஸும் விலகினார்கள். எஞ்சியவர்கள் அடுத்துப் பதிவு செய்த ஸ்டூடியோ தட்டை, நாட்டில் இருந்த ஒரே இசைத்தட்டு நிறுவனமான அரசு நிறுவனம் வெளியிட மறுத்துவிட்டது. அதற்குப் பதிலாக 1972-இல் 'ஏலோ ஒமேகா' என்ற மேடைத் தட்டு வந்தது. மறுக்கப்பட்ட தட்டு ரசிகர் கைக்கு வர 1998 ஆயிற்று. 1979-இல் புடாபெஸ்டின் கிஷ்டாடியோன் அரங்கில் பதிவான இரட்டைத் தட்டு வந்தபோது ஒமேகா நாடறிந்த பெரிய குழுவாகியிருந்தது. ஆனாலும் அவர்களுடைய முதல் மேடைத் தட்டு, பெரிய கதவு அடைபட்டதால் திட்டிவாசல் வழியே வெளியே வந்த ஒன்றுதான்.

இந்தப் பகுதியில் வரும் தட்டை யாரும் தடுக்கவில்லை. அதை வெளியிட்டது உலகின் மிகப் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களில் ஒன்று. வேண்டிய ஸ்டூடியோவும் பணமும் கைவசம் இருந்தும், ஒரு புதுக் குழு தன் முதல் தட்டையே மேடையில் பதிவு செய்தது. ஏன் அப்படி என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். இதில் நம் ஊர்க்காரர்களும் நம் மண்ணும் இருப்பதால் கொஞ்சம் நின்று நிதானமாகவே பார்க்க வேண்டும்.

1975 ஜூலை 5. நியூயார்க் நகருக்குக் கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரி. அங்கே ஐந்து பேர் வாசித்தார்கள். கிதார் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராம்நாடு வி. ராகவன், கடம் டி.எச். விநாயக்ராம். குழுவின் பெயர் 'சக்தி'. அன்றைய கச்சேரியை அடுத்த ஆண்டு, 1976-இல், கொலம்பியா நிறுவனம் 'சக்தி வித் ஜான் மெக்லாக்லின்' என்ற பெயரில் தட்டாக வெளியிட்டது. ஐவரில் மூவர் தமிழர் இசைச் சூழலில் வளர்ந்து, கர்நாடகச் சங்கீத மேடையிலிருந்து போனவர்கள்.

மெக்லாக்லினை அன்றைய ராக் ரசிகர்கள் வேறு கோலத்தில் அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1942-இல் பிறந்தவர். 1971-இல் அவர் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, ராக் இசையின் மின்வேகத்தையும் ஜாஸின் கற்பனையையும் ஒற்றைப்படைத் தாளங்களையும் சேர்த்துக் கட்டிய குழு. அவர் கையில் இரட்டைக் கழுத்து மின்கிதார் இருக்கும். ஒலிபெருக்கிகளின் சத்தம் காதை அடைக்கும். அந்தக் குழுவும் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1973-இல் வாசித்ததை மேடைத் தட்டாக வெளியிட்டிருந்தது. ஆகவே மேடைப் பதிவு அவருக்குப் புதிதல்ல. 1975-இல் புதிதாக நடந்தது, அத்தனை மின்சாரத்தையும் ஓரம் வைத்துவிட்டு, மரக் கிதாரோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தது.

அந்த உட்காரலுக்குப் பின்னால் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்நாட்டு இசை வரலாற்றில் வெஸ்லியனுக்கு ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். 1960-களின் தொடக்கத்திலேயே அங்கே பாலசரஸ்வதி நடனம் கற்பித்தார். அவருடைய தம்பிகள் டி. ரங்கநாதன் மிருதங்கத்தையும் டி. விஸ்வநாதன் புல்லாங்குழலையும் அங்கே கொண்டு போனார்கள். விஸ்வநாதனிடம் பாடம் கேட்ட அமெரிக்க இளைஞர் ஜான் ஹிக்கின்ஸைத்தான் நாம் 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று கொண்டாடினோம். வீணை தனம்மாள் பரம்பரையின் சங்கீதம் கடல் கடந்து போய் ஒரு கல்லூரி வளாகத்தில் வேர்விட்டிருந்தது.

அந்த வளாகத்தில்தான் டாக்டர் எஸ். ராமநாதன் இருந்தார். விழுப்புரத்துக்குப் பக்கத்து வளவனூரில் 1917-இல் பிறந்தவர். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்தவர். என் ஊரான விருத்தாசலமும் வளவனூரும் 1993 வரை ஒரே தென்னார்க்காடு மாவட்டம் என்பதால் அவர் எங்கள் ஜில்லாக்காரர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் புகழ் உச்சியில் இருந்த மெக்லாக்லின் இந்த ராமநாதனிடம் வீணை கற்கப் போனார். மாணவனாக, அடிப்படையிலிருந்து கற்றார். உலகின் வேகமான கிதார் விரல்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த மனிதர் சரளி வரிசைக்கு முன்னால் அமர்ந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தியாவிலிருந்து சிதாரின் சத்தத்தை மட்டும் எடுத்துப்போய்ப் பாட்டுக்கு மணம் சேர்த்துக்கொண்ட மேற்கத்தியக் குழுக்கள் அந்தக் காலத்தில் பல. அவர்களுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

வீணை படித்ததன் அடையாளம் அவர் கிதாரிலேயே தெரிந்தது. கிப்சன் நிறுவனம் அவருக்காகச் செய்த கிதாரில், மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகச் சீவியிருந்தார்கள். வீணையில் இரண்டு மெட்டுக்கு நடுவே தந்தியை அழுத்தி இழுக்க இடம் இருப்பதால்தான் கமகம் வருகிறது. சாதாரணக் கிதாரில் விரல் மரத்தில் முட்டி நின்றுவிடும். குழித்த பிறகு அங்கும் சுரம் அசையத் தொடங்கியது. ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு தந்திகள் தனியே பூட்டப்பட்டன; அவை சுருதித் தந்திகள். தம்புராவுக்கு ஆள் இல்லாத குழுவில் அந்த வேலையையும் கிதார் கொஞ்சம் ஏற்றுக்கொண்டது.

வயலின் கலைஞர் சங்கரின் கதை இன்னொரு கரையில் தொடங்குகிறது. அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம், எல். சங்கர் என்று வயலினில் பெயர் பெற்ற மூன்று பிள்ளைகளும் அந்த வீட்டில் வளர்ந்தவர்கள். 1958-இல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக வெடித்த கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. சங்கர் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய் வெஸ்லியனில் ஆய்வு மாணவரானார். மிருதங்க வித்வான் ராகவனும் அதே வெஸ்லியனில் கற்பித்துவந்தார். லாங் ஐலண்ட் மேடையில் யாழ்ப்பாணமும் ராமநாதபுரமும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தன.

ஜாகிர் உசேன் பஞ்சாப் கரானாவின் அல்லா ரக்காவின் மகன். அப்போது அவருக்கு 24 வயது. கலிபோர்னியாவில் அலி அக்பர் கானின் இசைக் கல்லூரியில் தபலா கற்பித்துக்கொண்டிருந்தார். அதே கலிபோர்னியாவின் பெர்க்லி நகருக்குக் கடம் கற்பிக்க வந்திருந்தார் விநாயக்ராம். வடக்கத்திய தபலாவும் தெற்கத்திய கடமும் தங்கள் ஊரில் ஒரே மேடையில் சந்திப்பது அபூர்வம். அவை பழகிக்கொண்டது அமெரிக்காவின் மேற்குக் கரையில்.

விநாயக்ராமைப் பற்றி நீட்டித்தான் சொல்ல வேண்டும். 1942-இல் பிறந்தவர். தந்தை டி.ஆர். ஹரிஹர சர்மா 1958-இல் சென்னையில் ஸ்ரீ ஜெய கணேஷ் தாள வாத்ய வித்யாலயாவைத் தொடங்கியவர். பையன் பதின்மூன்று வயதிலேயே கச்சேரி மேடை ஏறினார். 1966 அக்டோபர் 23 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது டி.கே. மூர்த்தியின் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் கடத்தோடு இருந்தவர் இவர்தான். இத்தனை இருந்தும் கச்சேரி மரபில் கடத்துக்கு 'உபபக்கவாத்தியம்' என்றுதான் பெயர். பக்கவாத்தியத்துக்கும் பக்கவாத்தியம். பாடகர் நடுவில், வயலின் ஒருபுறம், மிருதங்கம் மறுபுறம். கடம் சற்றுப் பின்னால். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்து முடித்த பிறகே அதன் முறை. கச்சேரி நீண்டுவிட்டால் முதலில் சுருங்குவதும் அதன் நேரம்தான்.

சக்தியில் இந்த அடுக்கு இல்லை. எல்லோரும் ஒரே வரிசை. கிதார் கேட்கும், வயலின் பதில் சொல்லும். அதே உரிமையோடு தபலா கேட்கும், பானை பதில் சொல்லும். பின்வரிசையில் இருந்த ஒரு வாத்தியம் முழுப் பங்காளியாகச் சம உரிமையோடு உட்கார்ந்த முதல் பெரிய மேடை இதுதான் என்பது என் கணிப்பு. இந்தத் தட்டின் வரலாற்று முக்கியத்துவம் மெக்லாக்லின் என்ற பெயரைவிட இதில் அதிகம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இங்கே மண்ணைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. விருத்தாசலத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அது கைக்கெட்டும் விஷயம். எங்கள் ஊரில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பாடமாகச் சொல்லித்தரும் அரசு நிறுவனம் இருக்கிறது. நெய்வேலிப் பக்கத்துக் களிமண் இந்தத் தொழிலுக்கு உயிர். வெள்ளைக் களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்து, சூளையில் 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால் உள்ளே உள்ள நுண்துளைகள் உருகி அடைபட்டு, மின்சாரம் பாயாத பீங்கான் கிடைக்கிறது. ஃப்யூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் பொம்மையும் அப்படித்தான் பிறக்கின்றன. சூளையிலிருந்து இறக்கிய உருப்படியை விரலாலோ சிறு குச்சியாலோ தட்டிப் பார்ப்பது பீங்கான் வேலையில் பழகிய சோதனை. கணீரென்று வந்தால் நல்லது. சத்தம் செத்து வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம்.

கடத்துக்கு வேறு மண், வேறு சூடு. சிவகங்கை மாவட்டத்தில் வைகைக் கரையிலுள்ள மானாமதுரைதான் அதற்குப் பெயர் பெற்ற ஊர். பல கண்மாய்களின் மண்ணைச் சேர்த்துப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, ஈரம் இறுகும் பருவத்தில் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை நெருக்குகிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே கனம் வர வேண்டும். ஓரிடத்தில் தடித்தால் அங்கே நாதம் மங்கும். பிறகு நிழலில் உலர்த்திச் சூளை வைக்கிறார்கள். பீங்கான் அளவுக்கு அதைச் சுடுவதில்லை; மண் மண்ணாகவே இருக்கிறது. சமையல் பானையைவிட மானாமதுரைக் கடம் பல மடங்கு கனம். அங்கே இந்தக் கலையைக் காத்துவந்த மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது அளித்தது. மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் 2023-இல் கிடைத்திருக்கிறது.

கடத்தின் கஷ்டம் சுருதி. தபலாவைச் சுத்தியலால் தட்டி ஏற்றலாம், இறக்கலாம். மிருதங்கத்தின் வாரை முறுக்கலாம். வயலினுக்கும் கிதாருக்கும் பிருடை இருக்கிறது. சூளையிலிருந்து வந்த பானைக்கு வந்த சுருதிதான். அதனால் கட வித்வான் ஒன்றுக்கு மேற்பட்ட கடங்களை வைத்துக்கொள்கிறார்; கச்சேரியின் சுருதிக்கு ஏற்றதை எடுக்கிறார். ஆனால் அந்த ஒரே பானைக்குள் எத்தனை குரல்! கழுத்தில் விரல் பட்டால் உலோகம் போன்ற கூர்மை. வயிற்றில் உள்ளங்கை பட்டால் கனம். வாயைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்தி எடுத்தால் உள்ளே அடைபட்ட காற்று ஆழமாகக் குமுறும். கலைஞன் சட்டையைத் திறந்து பானையைத் தொப்புளோடு சேர்த்துக்கொள்வதன் காரணம் அதுதான். மனித உடம்பே அந்த வாத்தியத்தின் மூடி.

இதை ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு செய்வது எளிது என்று தோன்றும். சத்தமில்லாத அறை, பானைக்கு முன்னால் ஒரு மைக், வேண்டிய மட்டும் திரும்ப வாசிக்கலாம். ஆனால் கடம் வாசிப்பு அடுத்தவருக்குப் பதில். ஜாகிர் ஒரு கணக்கை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார் என்று விநாயக்ராமுக்கு முன்கூட்டித் தெரியாது. தெரியாததால்தான் அவர் கண் ஜாகிரின் கையில் இருக்கிறது. ரசிகர் கூட்டத்தின் முன்னால் அந்தக் கணக்கு சமத்தில் வந்து விழும்போது எழும் ஆரவாரம் அடுத்த சுற்றை இன்னும் நீட்டிவிடுகிறது. தனியறையில் தனித்தனியாகப் பதிந்து பிறகு ஒட்டினால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். சக்தி தன் முதல் தட்டை மேடையில் எடுத்ததற்கு நான் காணும் காரணம் இது. அவர்கள் செய்ததைக் கச்சேரி என்று சொல்லலாம். கச்சேரியைக் கச்சேரியாகத்தான் எடுக்க முடியும்.

தட்டின் நேரத்தைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். நம் தாத்தா காலத்துப் பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் அதற்குள் ஓட்ட வேண்டும். ஆலாபனைக்கு ஒரு மூச்சு. தனிக்கு இடமே இல்லை. 78 சுழற்சித் தட்டின் காலம் முழுவதும் கடம் பெரும்பாலும் கேட்காமலே போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரத் தட்டை, எல்.பி. ரெக்கார்டை, சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டியது. அதே கொலம்பியாதான் சக்தியையும் வெளியிட்டது.

சக்தியின் தட்டில் மொத்தம் மூன்றே உருப்படி. முதல் பக்கத்தில் 'ஜாய்', ஏறத்தாழ 18 நிமிடம். அதையடுத்து 'லோட்டஸ் ஃபீட்', ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, ஏறத்தாழ 29 நிமிடம். இறைவன் காலடியில் ஆடுவதாகச் சொல்லும் அதன் தலைப்பே ஒரு பத்தி நீளம். ஒரு எல்.பி. பக்கத்தில் 29 நிமிடத்தை அடைப்பது லேசான வேலை இல்லை. நேரம் கூடினால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும். இரண்டாக வெட்டியிருக்கலாம், சுருக்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் முழுதாக விட்டதற்கு அந்தத் தட்டை வெளியிட்டவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

'ஜாய்' தொடக்கத்திலிருந்தே பாய்ச்சல். கிதாரும் வயலினும் ஒரே வரியை ஒரே மூச்சில், இடைவெளி தெரியாமல் ஓட்டுகின்றன. இது ராக் குழுக்களிலும் உண்டு. ஆனால் இங்கே வரிகளின் கணக்கு நம்முடையது. கோர்வை கட்டி, மூன்று முறை சொல்லி, எடுப்புக்கு வந்து சேர்கிறது. மிருதங்கம், கடம், தபலா மூன்றும் சேரும்போது ஒன்றை ஒன்று மறைத்துவிடாதது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம். மிருதங்கத்தின் தொப்பியும் தபலாவின் பாயாவும் அடித்தளத்தைப் பார்த்துக்கொள்ள, கடத்தின் கழுத்துச் சொற்கள் மேலே தனியாகத் தெரிகின்றன. டிரம்ஸும் பேஸ் கிதாரும் இல்லாத ஒரு குழுவில் ராக் கச்சேரிக்குரிய வேகமும் கனமும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பவர்கள் இந்த மூன்றையும் பிரித்துக் கேட்டால் போதும்.

'லோட்டஸ் ஃபீட்' வேறு உலகம். மெதுவான, பிரார்த்தனை போன்ற மெட்டு. இதே மெட்டை மெக்லாக்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' தட்டிலும் மின்கருவிகளோடு வாசித்திருக்கிறார். அதுவும் 1976-இல் வந்ததுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒன்றில் கருவிகள் மெட்டை அலங்கரிக்கின்றன. மேடைப் பதிவில் வயலினின் ஒரு நீண்ட கார்வைக்கு மொத்த அரங்கமும் காத்திருக்கிறது.

எங்கள் ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டதாகத் தலவரலாறு சொல்கிறது. எடுத்த பொன்னை உரசிப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்ததாம். சுந்தரர் மீண்டும் பாடிய பிறகே சரியானதாம். உரைத்துச் சொன்ன பிள்ளையாருக்கு மாற்றுரைத்த விநாயகர் என்று பெயர். கச்சேரிப் பதிவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் வருகிறது. ஓரிடத்தில் இட்டதை வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில் எடுக்கிறோம். ஆற்றில் போட்ட பொன்னும் குளத்தில் எடுத்த பொன்னும் ஒரே மாற்றா என்ற கேள்வி எல்லா மேடைத் தட்டுக்கும் உண்டு. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த தட்டுகளில், பிறகு ஸ்டூடியோவில் வைத்துத் திருத்தியவை உண்டு, கைதட்டலைக் கூட்டியவை உண்டு. சக்தியின் முதல் தட்டை உரசிப் பார்த்தால் எனக்கு மாற்றுக் குறையவில்லை.

ஆனால் அது விற்கவில்லை. மகாவிஷ்ணுவின் மின்னலை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இந்தத் தரைக் கச்சேரி புரியவில்லை. ஜாஸ் கடையில் வைப்பதா, ராக் அலமாரியில் வைப்பதா என்று விற்பவர்களுக்கும் குழப்பம். நம் சங்கீத உலகிலும் அன்று இதைப் பெரிதாகக் கொண்டாடியவர்கள் குறைவு. பிற்காலத்தில் இதையே கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை வந்தது.

அடுத்த இரண்டு தட்டுகளும் ஸ்டூடியோவில் உருவானவை. ராகவன் விலக, குழு நால்வராயிற்று. 1976-இல் லண்டனில் பதிவான 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' கொன்னக்கோல் சொற்கட்டோடு தொடங்குகிறது. மேற்கத்திய ரசிகர் வீட்டு அறையில் தமிழ்நாட்டுத் தாளச் சொற்கள் அப்படி ஒலித்தது பெரிய விஷயம்தான். 1977-இல் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்'. முதல் தட்டில் மூன்று உருப்படி, இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் எட்டு. கடைசித் தட்டில் எதுவும் எட்டு நிமிடத்தைத் தொடவில்லை. வாசிப்பில் குறை சொல்ல முடியாது, மெட்டுகள் அழகானவை. ஆனால் உரையாடல் குறுகிவிட்டது. கடம் மீண்டும் ஒரு தாளக் கருவியாக, பாட்டுக்குப் பின்னணியாக, ஒதுங்கத் தொடங்கியதை இந்த எண்ணிக்கையிலேயே படிக்கலாம். 1978-இல் குழு கலைந்தது.

கலைந்தவர்கள் தத்தம் வழியில் போனார்கள். சங்கர் பத்துத் தந்தி இரட்டை வயலினை உருவாக்கினார். விநாயக்ராமும் ஜாகிரும் அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' தட்டில் (1991) வாசித்தார்கள். உலக இசைக்கென்று கிராமி விருது தொடங்கப்பட்டபோது முதல் விருது அதற்குத்தான் போனது. கடம் கிராமி மேடை வரை போன வழி லாங் ஐலண்ட் கச்சேரியிலிருந்து கிளம்பியது என்று சொன்னால் மிகையாகாது.

ஹங்கேரியிலிருந்து இந்தப் பக்கம் வந்ததால் ஒன்றைக் குறிப்பிட்டுவிடுகிறேன். 2005-இல் இளையராஜாவின் 'திருவாசகம்' வெளியானபோது அதில் வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. மாணிக்கவாசகர் பாடிய தில்லை எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். அந்த வாசகத்துக்கு ஹங்கேரிய வயலின்கள் இசைத்தன. அது முழுக்க ஸ்டூடியோவில், எழுதிய சுரக்குறிப்பின்படி, துல்லியமாகப் பதியப்பட்ட படைப்பு. அந்த இசைக்கு அதுவே சரி. சுரக்குறிப்பில் எழுத முடியாத பகுதியையே நம்பி நிற்கும் சக்தி போன்ற குழுவுக்கு மேடை சரி. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

சக்தியின் இரண்டாம் பிறப்பு இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1997-இல் மெக்லாக்லின், ஜாகிர், விநாயக்ராம் மூவரும் புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியாவோடு இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தார்கள். அந்தக் கச்சேரிகள் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் 1999-இல் இரட்டைக் குறுந்தகடாக வந்தன. மீண்டும் மேடைப் பதிவு. மீண்டும் அதில் 'லோட்டஸ் ஃபீட்'. எல்.பி.யின் எல்லை போய்க் குறுந்தகடு வந்திருந்ததால், 'முக்தி' என்ற ஒரே உருப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஓடுகிறது. அடுத்து மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சேர, விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். அந்தக் கூட்டணியின் 'தி பிலீவர்' 2000-இல் வந்தது. அதுவும் மேடைத் தட்டு.

செல்வகணேஷ் கடம் அறிந்தவர். ஆனாலும் அவர் கையில் உலகம் அறிந்தது கஞ்சிரா. உள்ளங்கை அகலத் தோல், ஒற்றைச் சலங்கை, ஒரு கை விரல்கள். கச்சேரி வரிசையில் கடத்துக்கும் பின்னால் வைக்கப்பட்ட வாத்தியம் அது. தந்தை பானைக்கு வாங்கிய இடத்தை மகன் கஞ்சிராவுக்கு வாங்கினார்.

சக்திக்கு நேரடியாகக் கிடைத்த கிராமி விருது 2024 பிப்ரவரியில் வந்தது. அது 'திஸ் மொமென்ட்' (2023) என்ற ஸ்டூடியோ தட்டுக்கு. கொரோனாக் காலத்தில் ஆளுக்கோர் ஊரில் இருந்தபடி பதிந்து சேர்த்தது. சங்கர் மகாதேவனும் கணேஷ் ராஜகோபாலனும் அதில் உண்டு. விருதுக்குத் தகுதியான வாசிப்புதான். நுட்பத்தில் 1975-ஐவிடச் சுத்தம். ஆனால் எதைத் திரும்பக் கேட்பாய் என்று கேட்டால் நான் பழையதைத்தான் எடுப்பேன். அதே 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். ஸ்ரீநிவாஸ் அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 2014 செப்டம்பரில், 45 வயதில் போய்விட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி கணக்குத் தீர்த்துக்கொண்ட மாலைகள் மேடைத் தட்டுகளில் இருக்கின்றன.

அவற்றில் ஒரு மாலை நம் நாட்டிலேயே பதிவானது. 2000 டிசம்பரில் மும்பையில், சந்தூர் மேதை சிவகுமார் சர்மா, சங்கர் மகாதேவன், நம் சிவமணி எல்லோரும் வந்து சேர்ந்துகொண்ட அந்தக் கச்சேரியும், அதிலிருந்து 2001-இல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' தட்டும் அடுத்த பகுதியில்.

(தொடரும்)